லீக்ஸ் பாத்திக்குள் வந்த வெள்ளைப் பூ

கேள்வி: நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் தோட்ட லயத்துக்கு முன்னால் உள்ள துண்டு நிலத்தில் லீக்ஸ் போடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் சினேகிதி கொடுத்த ஒரு கொத்து வெள்ளைப் பூச்செடியை வாசலில் நட்டேன். தட்டை இலை, நட்சத்திரம் போன்ற பூ. இப்போது கானிலும் படிக்கல் இடுக்கிலும் லீக்ஸ் பாத்தியிலும் அதுதான். பூவும் வேண்டும், பாத்தியும் வேண்டும். என்ன செய்வது?

பதில்: அக்கா, முதலில் இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். வெள்ளைப்பூண்டு வாசம் வந்தால் அது சீனச் சைவ்ஸ், பூண்டு இனத்துக் கீரை. முட்டையோடு வதக்கிச் சாப்பிடலாம். வாசமே இல்லாவிட்டால் தென்னமெரிக்காவிலிருந்து பரவிய போலிப் பூண்டு. அதை வாயில் வைக்க வேண்டாம். அதன் கிழங்கைச் சுற்றி அரிசி போலக் குஞ்சுக் கிழங்குகள் ஒட்டியிருக்கும். மம்பட்டியால் கொத்தினால் அவை உதிர்ந்து இன்னும் பெருகும். மண்ணோடு தோண்டி உரப்பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

சைவ்ஸ் என்றால் உங்கள் எதிரி வேர் இல்லை, விதை. ஒரு காய்க்கு மூன்று அறை, அறைக்கு இரண்டு விதை வரை. ஒரு பூங்கொத்துக்கு நாற்பது பூ என்றாலே இருநூறு விதைக்கு மேல் வரலாம். காய்ந்த கொத்தை உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள், கறுப்பாகக் கொட்டும். மிச்சத்தை மழைத் தண்ணீர் கான் வழியே பாத்திக்குக் கொண்டுபோய்விடும்.

ஆகவே பூவை ரசியுங்கள். இதழ் வாடி காய் பச்சையாக இருக்கும்போதே காம்போடு வெட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். வெட்டியதைக் கூட்டெருக் குழியில் போடாதீர்கள். பூண்டு இனத்து விதைக்கு ஆயுள் குறைவு, ஈர மண்ணில் இன்னும் குறைவு. புது விதை விழாவிட்டால் இரண்டு வருடத்தில் முளைப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

நாற்று மடித்த பச்சை நூல் மாதிரி, நுனியில் கறுப்பு விதைத்தோலைத் தூக்கிக்கொண்டு வரும். லீக்ஸ் நாற்றும் அப்படித்தான், ஆனால் உங்கள் லீக்ஸ் வரிசையில் நட்டது. வரிசைக்கு வெளியே நிற்பதை மழை விட்ட மறுநாள் பிடுங்குங்கள், சுலபமாக வரும். விட்டுவைத்தால் இடம் போவது மட்டுமல்ல, லீக்ஸைத் தாக்கும் பனிப்பூச்சிக்கு (த்ரிப்ஸ்) அது தங்குமிடமாகிவிடும்.

தாய்க் கொத்தைப் பாத்திக்கு மேல்பக்கம் வைக்காதீர்கள். தோண்டிப் பூச்சட்டிக்கு மாற்றி, தண்ணீர் பாத்திப் பக்கம் ஓடாத இடத்தில் வையுங்கள்.

வெளிநாட்டுப் படத்தில் வரும், இதே பூண்டு இனத்துப் பெரிய ஊதா உருண்டைப் பூவுக்கு ஆசைப்பட்டுக் காசைக் கொட்ட வேண்டாம். அதற்குப் பல வாரக் கடுங்குளிர் வேண்டும். நுவரெலியாவின் சராசரி 16 பாகைக் குளிர் அதற்குக் காணாது.