வளைவில் பின்சக்கரம் வழுக்குவது ஏன்?

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் செல்லும் வழியில் வளைவுகளில் உங்கள் பைக்கின் பின்சக்கரம் விலகுகிறது, ஆனால் டயரில் பட்டன் (சாலையைப் பற்றும் ரப்பர் மேடுகள்) தேயவில்லை என்கிறீர்கள். நம் பகுதிச் சாலையோரங்களில் சிதறிக் கிடக்கும் செம்மண் சரளை எந்த டயரையும் வழுக்கச் செய்யும் என்பதால், சுத்தமான தார்ச்சாலையிலும் அவ்வாறு நேர்கிறதா என்று முதலில் பாருங்கள். நேர்ந்தால், வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தத்தை அளந்து கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

காற்று சரியாக இருப்பின், என் ஐயம் டயரின் வயதின் மீதே விழும். பக்கச்சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்கள் 2317 எனில், அது 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. பல கோடைகளைக் கண்ட ரப்பர், பட்டன் ஆழமாக இருந்தாலும் இறுகிப் பிடிப்பை இழந்துவிடும். செயினுக்கு இட்ட எண்ணெய் டயரில் தெறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், குறை டயரில் இல்லை, சக்கரத்தின் பேரிங்கிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் என்ற கையின் புஷ்ஷிலோ இருக்கக்கூடும்.