வழக்கு, தடை, நின்றுபோன படிப்பு: கல்லூரி அணியில் இடம் உண்டா?

பிளஸ் டூ முடிவு வந்ததும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து வரும் கடிதங்களில் விளையாட்டு ஒதுக்கீடு பற்றியவை எப்போதும் உண்டு. இம்முறை வந்தவற்றில் பல, பெயர் போட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு வந்தவை. ஊரை மட்டும் தருகிறோம்.

என் மகன் கபடியில் மாவட்ட அணி வரை ஆடியவன். பதினாறரை வயதில் திருவிழா அடிதடி ஒன்றில் அவன் பெயரும் சேர்ந்துவிட்டது. இளைஞர் நீதிக் குழுமத்தில் கண்டித்து அனுப்பிவிட்டார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் 'குற்ற வழக்கு உண்டா' என்று கேட்கிறார்கள். மறைத்தால் தப்பா? சொன்னால் சீட் போய்விடுமா?
— ஒரு தாய், குடியாத்தம்

சட்டம் உங்கள் மகன் பக்கம் நிற்கிறது, அம்மா. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24-இன்படி, இந்தச் சட்டத்தின் கீழ் முடிக்கப்பட்ட வழக்கால் சிறாருக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் பதிவேடுகளை அழிக்கவும் அதே பிரிவு சொல்கிறது. முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸார் வெளியிடக் கூடாது என்பது பிரிவு 74. விதிவிலக்கு ஒன்று உண்டு: 16 வயது நிறைந்தவர் கொடுங்குற்றத்துக்காக, வயது வந்தவரைப் போலவே குழந்தைகள் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. குழுமமே கண்டித்து அனுப்பிய வழக்கு அந்த வகையில் சேராது.

சம்பவம் நடந்த நாளில் 18 நிறையவில்லை என்பதுதான் கணக்கு. தீர்ப்பு வந்த நாளின் வயது அல்ல. வயதுக்குப் பள்ளிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றையோதான் முதலில் பார்ப்பார்கள்.

கேள்வியை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். 'தண்டனை பெற்றவரா', 'வழக்கு நிலுவையில் உள்ளதா' என்று கேட்டிருந்தால், உங்கள் மகனின் பதில் 'இல்லை'. 'எப்போதாவது வழக்கில் சேர்க்கப்பட்டீர்களா' என்று அகலமாகக் கேட்டிருந்தால், கையெழுத்துப் போடுமுன் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் காட்டுங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. 15100 எண்ணிலும் கேட்கலாம். குழுமத்தின் இறுதி உத்தரவு நகல் ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள். அதைக் கல்லூரிக்கு நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்கத் தேவையில்லை. பயத்தில் அதை உடற்கல்வி இயக்குநர் முதல் விடுதிக் காப்பாளர் வரை காட்டி, மூன்றே நாளில் ஊர் முழுக்கத் தெரிய வைப்பவர்கள் பெற்றோர்தான்.

பளு தூக்குபவன். வயது 20. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டி மூன்றாண்டு தடை. கல்லூரியில் சேரலாமா? அணியோடு பயிற்சி செய்யலாமா?
— சத்துவாச்சாரி

சேரலாம். தடை போட்டிக்குத்தான், படிப்புக்கு அல்ல. ஆனால் தடைக்காலத்தில் விளையாட்டுச் சங்கமோ அதோடு இணைந்த கிளப்போ நடத்தும் போட்டி, முகாம், பயிற்சி எதிலும் கலந்துகொள்ளக் கூடாது. அணியோடு பயிற்சிக்குத் திரும்ப அனுமதி கடைசி இரண்டு மாதம் அல்லது தடையின் கடைசிக் கால் பங்கு, இரண்டில் எது குறைவோ அது. மூன்றாண்டில் கால் பங்கு ஒன்பது மாதம்; ஆகவே உங்களுக்கு இரண்டே மாதம். அதுவரை தனியாகச் செய்யுங்கள்.

'கல்லூரிகளுக்கிடையே நடக்கும் சின்னப் போட்டிதானே' என்று மேடை ஏறினால், முதல் தடை எவ்வளவோ அவ்வளவு காலம் புதிதாக மேலே ஏறும். மூன்று ஆறாகிவிடும். தடையில் இருக்கும்போதும் சோதனைக்கு மாதிரி கேட்டு வரலாம். மறுத்தால் அதுவே தனிக் குற்றம்.

கிளாஸ்கோவிலும் கோல்டு கோஸ்ட்டிலும் 77 கிலோ பிரிவில் காமன்வெல்த் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் உங்களுடையது. பளு தூக்கும் பார் பிடிக்காத தெரு அங்கே குறைவு, புரதப் பவுடர் டப்பாவும் அதே அளவு சுலபமாகக் கிடைக்கிறது. சீல் உடைத்து, பையில் பிரித்து விற்கும் பவுடர், லேபிளில் எல்லாப் பொருளும் எழுதாத 'மாஸ் கெயினர்', ஜிம்மில் யாரோ போட்டுவிடும் ஊசி இவைதான் ஆளைக் கவிழ்ப்பவை. 'தெரியாமல் சாப்பிட்டேன்' என்பது தண்டனையைக் குறைக்கலாம், அதுவும் நிரூபித்தால். உடம்புக்குள் போனதற்குப் பொறுப்பு வீரருடையதே.

கஞ்சாவில் மாட்டியவர்களுக்கு ஒரு தகவல்: போட்டிக்கு வெளியே, ஆட்டத்திறனுக்காக அல்லாமல் எடுத்தது என்று நிரூபித்தால் தடை மூன்று மாதம், அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையை முடித்தால் ஒரு மாதமாகக் குறையலாம்.

அடிதடிக்காகக் கல்லூரியிலிருந்து அனுப்பப்பட்டு இரண்டு வருடம் லாரி ஷெட்டில் வேலை. மறுபடி சேர்ந்து பல்கலைக்கழக அணிக்கு ஆட முடியுமா? வயது 21.
— ஆற்காடு

முடியும், காலம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் ஆட, அந்த ஆண்டு ஜூலை 1 அன்று 25 வயதுக்குள் இருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்து எட்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. முழுநேர மாணவராக இருக்க வேண்டும். கடைசிதான் பலரைக் கவிழ்க்கிறது. தொலைநிலைக் கல்வியில் சேர்ந்துவிட்டு ஜெர்சி கேட்டால் கிடைக்காது, முழுநேர வேலையில் இருப்பவருக்கும் கிடைக்காது.

முதல் வேலை, பழைய கல்லூரியின் மாற்றுச் சான்றிதழ். அதில் நடத்தைக்கான வரியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள். 'நன்று' என்பதற்குப் பதில் கோடு போட்டிருந்தால் முதல்வரைச் சந்தித்து எழுத்தில் காரணம் கேளுங்கள். கோடு என்றால் அடுத்த கல்லூரி மோசமானதையே ஊகிக்கும்.

அடுத்தது ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி. எந்தக் கல்லூரியிலும் ராகிங்குக்காக நீக்கப்படவில்லை என்று மாணவரும் பெற்றோரும் தனித்தனியே எழுதித்தர வேண்டும். உங்கள் அடிதடி ராகிங் என்று பதிவாகியிருந்தால் பொய்யாகக் கையெழுத்திட வேண்டாம். தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997-இன் கீழ் தண்டனை பெற்றவரை வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர்க்க முடியாது. தண்டனை இல்லாமல் கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கை மட்டும் என்றால், எத்தனை பருவத்துக்கு விலக்கினார்கள், எப்போது முடிந்தது என்ற உத்தரவைக் கையில் வையுங்கள்.

அரசு கலைக் கல்லூரிகளில் விளையாட்டுக்கு 3 விழுக்காடு உண்டு. பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே விளையாட்டு உள்ளிட்ட சிறப்புப் பிரிவை முடித்துவிடுவார்கள். பொதுக் கலந்தாய்வு நாளில் போய் நின்றால் அந்த இடம் போயிருக்கும். ஊர்க் கபடியில் வாங்கிய ஆளுயரக் கோப்பைக்கு அங்கே மதிப்பில்லை. அங்கீகரிக்கப்பட்ட சங்கம், பள்ளிக் கல்வித்துறை, பல்கலைக்கழகம் ஆகியவற்றின் சான்றே செல்லும். கையெழுத்து, முத்திரை, தேதி, போட்டியின் மட்டம் நான்கும் தெளிவாக இருக்கட்டும்.

சேரும் வரை சும்மா இருக்க வேண்டாம். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பொதுப்பிரிவும் இருக்கிறது. மாணவராக இல்லாதவரும் அதில் ஆடலாம்.

வழக்கு இருந்த மாணவன் ஒருவனை அணியில் எடுக்க நினைக்கிறேன். நிர்வாகம் தயங்குகிறது. எப்படி எடுப்பது?
— உடற்கல்வி இயக்குநர், வாணியம்பாடி

முதலில் பழைய குற்றம் எந்த வகை என்று பாருங்கள். தெருச் சண்டையும் பெண்ணைத் துன்புறுத்தியதும் ஒரே தராசில் வராது. அமெரிக்கக் கல்லூரிகள் திறமைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு பட்ட அவமானத்துக்குப் பிறகுதான் அங்கே விதி வந்தது. குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை போன்றவற்றுக்காக ஒரு கல்லூரி நீக்கிய வீரரை எங்கள் கல்லூரிகள் எடுக்காது என்று அங்குள்ள தென்கிழக்குக் கல்லூரிக் கூட்டமைப்பு 2015-இல் முடிவு செய்தது. அந்தக் கூட்டமைப்பில் இல்லாத இந்தியானா பல்கலைக்கழகம் 2017-இல் அதைவிட விரிவான தடையைத் தானே விதித்துக்கொண்டது. இங்கும் பாதிக்கப்பட்டவர் உங்கள் வளாகத்திலேயே படிக்கிறார் என்றால், எவ்வளவு வேகமான ரெய்டராக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

எடுப்பதென்றால் ஒரு பக்கத் தாளில் எழுதுங்கள். வருகை 75 விழுக்காடு. ஒவ்வொரு வெள்ளியும் துறைத்தலைவரிடம் கையெழுத்து. முதல் பருவத்தில் கேப்டன் பொறுப்பு கிடையாது. பருவத்தேர்வில் பாடம் நின்றால் அடுத்த தேர்வு முடியும் வரை வெளியூர்ப் போட்டி கிடையாது. அவனுக்குப் பொறுப்பாக ஒரே ஓர் ஆசிரியர், பெயர் போட்டு. கையெழுத்து மாணவன், பெற்றோர், நீங்கள், முதல்வர். தாளில் பழைய வழக்கின் விவரம் எழுத வேண்டாம், தெரிந்திருக்க வேண்டியவர் நீங்களும் முதல்வரும்தான்.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் பழைய வழக்கால் உடைவதில்லை. போட்டிக்காலம் முடிந்ததும் பையனை யாரும் தேடாமல் விடும் மாதங்களில் உடைகிறது. பதக்கம் வாங்கித் தந்தவுடன் வருகைப் பதிவைத் திருத்தித் தரும் கல்லூரி, அவன் மறுபடி விழுவதற்கும் தானே வழி செய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வரச்சொல்லுங்கள். வேலூர் வெயிலுக்கு எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

ஒன்றரை வருட இடைவெளிக்குப் பின் பயிற்சி. எவ்வளவு எடையில் தொடங்கலாம்?
— அணைக்கட்டு

பழைய உச்ச எடையில் பாதி. வாரம் மூன்று நாள், முதல் இரண்டு வாரம் அதிலேயே நில்லுங்கள். பிறகு வாரத்துக்கு ஐந்து விழுக்காடு. தசை சீக்கிரம் பழைய பலத்துக்கு வந்துவிடும், தசைநாண் மெதுவாகத்தான் வரும். ஐந்தாம் ஆறாம் வாரத்தில் 'வந்துவிட்டேன்' என்று எடையை ஏற்றுபவர்களுக்கு முட்டியும் மணிக்கட்டும் போவது அதனால்தான்.

சிறு வயது வழக்கு போலீஸ் வேலைக்குத் தடையா?
— கே.வி.குப்பம்

சிறார் வயதுச் சம்பவத்தைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல், மத்திய தொழில் பாதுகாப்புப் படையில் தேர்வான ஒருவரின் வழக்கில் சொல்லியிருக்கிறது. 18-க்குப் பிறகான வழக்கு வேறு கதை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் தமிழ்நாடு காவல்துறை விதிகள் அதைக் குற்ற வழக்கில் ஈடுபட்டதாகவே கொள்கின்றன. விண்ணப்பத்தில் அதை மறைத்தால் அந்த மறைப்பே நிராகரிக்கப் போதும். தீர்ப்பு நகலோடு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.