கழுவ விடாத பீங்கான் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவின் கிள்ளானைச் சேர்ந்தவள். ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாக ஆறு மாதப் பணிக்கு இலங்கையின் மட்டக்களப்புக்கு வந்து, கொக்கட்டிச்சோலைக்கு அருகே ஒரு கிராமத்துப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். தங்கியிருப்பது ஒரு குடும்பத்தோடு. வந்து மூன்று வாரம் ஆகிறது.

அந்த வீட்டார் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள். அதுதான் என் சிக்கல். மின்விசிறி உள்ள ஒரே அறையை எனக்குத் தந்துவிட்டு, அந்த வீட்டு அக்காவும் பெத்தாச்சியும் (பாட்டியும்) விறாந்தையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். நான் உண்டு முடித்த பிறகே மற்றவர்கள் உண்கிறார்கள். சாப்பிட்ட பீங்கானைக்கூடக் கழுவ விடுவதில்லை. கடைக்குப் போனாலும் ஒரு சிறுவன் துணைக்கு வருகிறான். ஆறு மணிக்கு மேல் படலை தாண்ட முடியாது. சாப்பாட்டுக்கென்று நிறுவனம் தந்த பணத்தை அந்த வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். மறுநாள் அது என் பைக்குள்ளேயே இருந்தது. மாலையில் உறவினர்கள் வந்து, சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, என்ன குடி, அதாவது என்ன குலம் என்று விசாரிக்கிறார்கள்.

நகரில் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலையைப் பார்த்தேன். அவர் இங்கே எட்டு மாதம்தான் இருந்தாராம். அதற்குள் பள்ளிக்கூடங்கள் தொடங்கினாராம். சேவை செய்ய வந்த எனக்கோ ஒரு வீடே சேவை செய்துகொண்டிருக்கிறது. நகரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் வந்து போகலாமா என்று யோசிக்கிறேன். ‘மட்டக்களப்பார் மந்திரம் போட்டு வந்தவரைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள், கவனம்’ என்று கொழும்பில் ஒரு நண்பர் சிரித்தார். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. உங்கள் கருத்தை எழுதுவீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

அறை எடுக்க வேண்டாம். காரணங்களைக் கீழே எழுதுகிறேன். ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

தூரம் ஒரு பொருட்டல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2014-ல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை மட்டக்களப்பு வாவியைப் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறிக் கடந்தே கொக்கட்டிச்சோலைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று பஸ்ஸில் ஏறி அமர்ந்தால் போதும். ஆனால் மூன்றே வாரத்தில் நீங்கள் பெட்டியைக் கட்டினால், ‘அந்தப் பிள்ளைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது?’ என்ற கேள்வியை ஊர் உங்களிடம் கேட்காது, அந்த அம்மாவிடம்தான் கேட்கும். அதற்கு அவர் எந்தப் பதிலைச் சொன்னாலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குமர்ப்பிள்ளையைப் பொறுப்பேற்று வீட்டில் வைத்திருப்பது, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றில், குடும்பத்தின் பெயரையே பணயம் வைப்பதற்குச் சமம் என்பதை உங்கள் நிறுவனம் உங்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். (வீட்டில் யாராவது முறைதவறி நடந்தால் கதை வேறு, அப்படியானால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு வெளியேறிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால் மேலே செல்கிறேன்.)

அடுத்து, அந்த வீடு யாருடையது என்று பாருங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் குடி தாய்வழியாக வருவது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது. கல்யாணமானால் ஆண்தான் மனைவி வீட்டுக்கு வந்து சேர்வான். தந்தைவழிக் குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கு வீட்டுத் தலைவராகத் தெரிகிற அந்த ஐயா, பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முன் அந்த வளவுக்கு மாப்பிள்ளையாக வந்தவராக இருப்பார். உங்களுக்குத் தரப்பட்ட அறையோ நாளை அந்த அக்காவின் பெயருக்கு எழுதப்படப்போகும் வீட்டின் ஒரே நல்ல அறை. அதில் உங்களைப் படுக்க வைத்திருப்பதை வெறும் உபசாரம் என்று எண்ணிவிடாதீர்கள். மகளுக்கு உரியதை உங்களுக்குத் தந்திருக்கிறார்கள். ஆகவே அறையைத் திருப்பிக் கொடுக்க முயன்றால் ஏற்கமாட்டார்கள், மனம் நோவார்கள். அதற்குப் பதிலாக, ‘எனக்குத் தனியே படுக்கப் பயமாக இருக்கிறது, அக்காவும் என்னோடு படுக்கட்டும்’ என்று பெத்தாச்சியிடம் சொல்லிப் பாருங்கள். தனியே படுப்பவரைக் கண்டு இரக்கப்படுகிற ஊர் இது. அன்று இரவே அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். இது பொய்யாகாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆகும்தான், ஆனால் அதனால் இரண்டு பேருக்கு மின்விசிறிக் காற்றுக் கிடைக்கும். அம்மாவிடம் சொல்லாமல் பெத்தாச்சியிடம் சொல்லச் சொன்னதற்கும் காரணம் உண்டு. அம்மா மறுத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. பெத்தாச்சி சொல்லிவிட்டாலோ அம்மாவுக்கு மறுக்க வழியில்லை.

பீங்கானுக்கு வருகிறேன். ‘நான் கழுவட்டுமா?’ என்று கேட்டால் ‘வேண்டாம் மகள்’ என்பதைத் தவிர வேறு பதில் வராது, ஏனென்றால் அப்படிக் கேட்கிறவர் விருந்தாளி. வீட்டுப் பிள்ளைகள் யாரும் கேட்டுவிட்டுச் செய்வதில்லை. அதோடு, உண்டு முடித்தபின் வேலை தேடினால் கிடைக்காது. சமையல் தொடங்கும் நேரத்திலேயே குசினிக்குள் இருக்க வேண்டும். பின்னேரம் பாடசாலை முடிந்து வந்ததும் உடுப்பை மாற்றிக்கொண்டு அங்கே போய்ப் பாருங்கள். அம்மா அரிக்கன் சட்டியில் அரிசி அரித்துக்கொண்டிருப்பார். உடைத்த தேங்காய் ஓரமாக இருக்கும். திருவலை சுவரோடு சாய்ந்திருக்கும். ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தத் திருவலையில் உட்கார்ந்து துருவத் தொடங்குங்கள். அந்த நேரத்தில் அவருடைய இரண்டு கையும் அரிசித் தண்ணீருக்குள் இருப்பதால் உங்களை எழுப்ப முடியாது. முதல் நாள் நீங்கள் துருவுவது சிரட்டையின் கறுப்பும் கலந்துதான் விழும்; பெத்தாச்சி சிரிப்பார், அக்கா வந்து பிடிக்கும் முறையைக் காட்டித் தருவார். அப்படிக் காட்டித் தரும்போது நீங்கள் விருந்தாளிப் பாயிலிருந்து எழுந்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம். சில நாட்களில் முதலில் பிழியும் தலைப்பாலையும் பிறகு பிழியும் கப்பிப்பாலையும் வேறுவேறாக எடுத்து வைக்கும் வேலை உங்களிடம் வந்து சேரும்; அதற்குப் பிறகு பீங்கானைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

எல்லோரும் உங்களுக்குப் பின் உண்பது இதைவிடக் கடினமான சங்கதி. அதை ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். பசிக்கவில்லை, அக்காவோடு சாப்பிடுகிறேன் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திப் போங்கள்.

ஆறு மணிக் கட்டுப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதில் சற்று எரிச்சல் தெரிகிறது. உங்கள் வயதில் அது இயல்புதான். ஆனால் அந்த அம்மாவின் வயதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் பொதுமக்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். 1990 செப்ரெம்பர் 5 அன்று வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேர் திரும்பி வரவேயில்லை. அந்த ஆண்டுகளில் சிறுமியாகவோ இளம்பெண்ணாகவோ இருந்த ஒருவர், பொழுது பட்டதும் வீட்டிலுள்ள தலைகளை எண்ணிப் பார்க்கப் பழகியிருப்பார். அந்தப் பழக்கம் போர் 2009-ல் முடிந்ததோடு முடிந்துவிடுவதில்லை. இப்போது அந்த எண்ணிக்கையில் உங்களையும் சேர்த்திருக்கிறார். இதையெல்லாம் அவரிடம் கேட்காதீர்கள். சொல்ல விரும்பினால் ஒருநாள் அவராகச் சொல்வார். அது ஒருபுறமிருக்க, படுவான்கரையில் இருட்டியபின் யானை நடமாட்டம் இருக்கிறது என்ற மிகச் சாதாரணமான காரணமும் உண்டு. துணைக்கு வரும் சிறுவனைக் காவல்காரனாகப் பார்க்காமல், வழியெல்லாம் அவனிடம் ஆங்கிலத்தில் கதை கேட்டுக்கொண்டு போங்கள். வகுப்பறையில் வாய் திறக்காத பிள்ளைகள் ஒழுங்கையில் பேசுவார்கள்.

பணத்தைக் கையில் கொடுத்தது சரியில்லை. சோற்றுக்குக் காசு வாங்கினார்கள் என்ற பெயரை எடுக்க எந்த வீடும் விரும்பாது. அதற்காக, அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு பால்மாப் பைக்கற்றின் விலை என்ன என்று கடையில் கேட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் அலுவலர் ஒருவர் நேரில் வந்து, எல்லா வீடுகளுக்கும் தருகிற ஒழுங்கு இதுதான் என்று சொல்லிப் பணத்தை அம்மாவிடம் ஒப்படைக்கட்டும். உங்கள் பங்குக்கு மாதச் சாமான்களில் சிலவற்றை, அதாவது சீனி, தேயிலை, பால்மா, மா போன்றவற்றை, நீங்களே வாங்கி வந்து குசினியில் வைத்துவிடுங்கள். பெத்தாச்சிக்கு மறக்காமல் வெற்றிலை பாக்கு. வீட்டுப் பையனுக்குக் கைத்தொலைபேசி வாங்கித் தரும் எண்ணம் ஏதும் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அதைத் திருப்பிச் செய்ய முடியாமல் அந்தக் குடும்பம் கூசிப்போகும்.

உறவினர்களின் கேள்விகளுக்குக் கோபப்பட வேண்டாம். உங்களை எங்கே வைத்துப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ‘என்ன குடி’ என்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது. உங்கள் அம்மம்மாவின் ஊர் தமிழ்நாட்டில் எது, அவர் எப்படி மலாயாவுக்கு வந்தார் என்று சொல்லுங்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969-ல் அக்கரைப்பற்றுக்கு வந்தவர். இந்தக் குடிமுறையைப் பற்றிப் பல பத்தாண்டுகள் எழுதினார். நீங்கள் காசு செலவில்லாமல் மூன்றே வாரத்தில் அதன் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பவர்களிடம் நீங்களும் திருப்பிக் கேளுங்கள். கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த உரிமை என்று ஆரம்பித்தால் உங்கள் கல்யாணத்தை மறந்துவிடுவார்கள்.

ஓல்ட் பாதிரியார் விடயத்தில் உங்கள் ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. அவர் 1814-ல் இங்கே வந்தார், மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்று இருக்கும் பள்ளிக்கு அடியிட்டார், 1815 ஏப்ரல் 1-ல் இறந்தார் என்பதெல்லாம் உண்மை. கப்பலில் வரும் வழியிலேயே மனைவியைப் பறிகொடுத்து, தன்னந்தனியாக வந்து இறங்கியவர் அவர். அவருடைய வேகத்தைப் போற்றலாம். ஆனால் எட்டு மாதத்தில் மண்ணுக்குள் போன ஒருவரின் வேலைக் கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் மூன்று வாரத்தை அளப்பது நியாயமில்லை.

இன்னொன்றும் உண்டு. உங்கள் ஆறு மாதம் முடிவதற்குள் பெரும்போக வெள்ளாமை வெட்டு வந்துவிடும். இப்போதெல்லாம் வெட்டுவது பெரும்பாலும் மெஷின்தான் என்றாலும், நெல் காயப்போடவும் மூட்டை கட்டவும் வந்து போகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவும் வீட்டில் ஆள் போதாது. அந்த நாட்களில் உங்களுக்கு விடுமுறை கிடைக்குமாறு நிறுவனத்தோடு இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு நண்பருக்கு: பாயோடு ஒட்டவைக்கும் மந்திரம் இருந்திருந்தால், பட்டணத்துக்கும் வெளிநாட்டுக்கும் போன எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேரையாவது இங்கேயே இருத்தியிருப்போம்.

ஒரு சனிக்கிழமை, அந்த அக்காவையும் அழைத்துக்கொண்டு நகருக்கு வாருங்கள். முதல்நாளே அம்மாவிடம் சொல்லி, எந்த பஸ்ஸில் திரும்புவீர்கள் என்பதையும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். கழுவ வேண்டிய பீங்கான்கள் நிறையவே இருக்கும்.

அன்புடன்