கூவும் காடையும் கூமுட்டையும்

கேள்வி: ஐயா, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குப் பின்னால் காடை வளர்க்கிறேன். பகலில் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறேன். இப்போது 20 ஆண், 40 பெட்டை இருக்கின்றன. முன்பு 100 முட்டை வைத்தால் 70 பொரிக்கும். இந்த ஆண்டு 40-ஐத் தாண்டவில்லை. ஆண்கள் விடிய விடியக் கூவுகின்றன, பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். உரக்கக் கூவும் ஆறு ஆண்களை இனவிருத்திக்கென்று பிரித்துத் தனித்தனிக் கூண்டில் வைத்தேன். கூச்சல் இன்னும் கூடிவிட்டது. தீவனக் கடைக்காரர், இணை சேர்வதற்குக் காடைக் கூவலை ஒலிபெருக்கியில் போடச் சொல்கிறார். அதற்கான கருவியும் சத்து மருந்தும் அவரிடமே கிடைக்கும். வாங்கலாமா? எல்லாம் நான் முதலில் வாங்கிய பத்துக் காடைகளின் வாரிசுகள்தான். வெளியிலிருந்து நோய் வரக்கூடாது என்று வேறு எதையும் சேர்க்கவில்லை.

பதில்: தம்பி, கருவியை வாங்காதீர்கள். மருந்தையும் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தின் உயிரான செய்தி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கடைசி வரியில் இருக்கிறது. அதற்கு வருகிறேன், முதலில் கூவலைப் பார்ப்போம்.

ஆண் காடை கூவுவது பலத்தைக் காட்டுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். துணையில்லாத ஆண்தான் மிகுதியாகக் கூவும். பெட்டையோடு சேர்த்துவிட்டால் அதே பறவையின் கூவல் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே, உரக்கக் கூவுகிறது என்று நீங்கள் பொறுக்கியெடுத்த ஆறும் பெட்டை கிடைக்காமல் ஒதுக்கப்பட்டவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவற்றைத் தனிமைப்படுத்தி, பெட்டைகளின் சத்தம் காதில் விழும் தூரத்தில் வைத்துவிட்டீர்கள். கூவாமல் என்ன செய்யும்?

கடைக்காரர் சொன்னதில் அரை உண்மை உண்டு. பதிவு செய்த ஆண் கூவலைக் கேட்டால் பெட்டைக் காடை அந்தத் திசை நோக்கி நடக்கும்; இது ஆய்வில் பார்த்த விஷயம். ஆனால் அந்த அழைப்பு புல்வெளியில் தொலைவில் இருக்கும் பெட்டையை வரவழைப்பதற்கு. உங்கள் பெட்டை ஆணுக்குப் பக்கத்திலேயே அடைபட்டிருக்கிறது; அதை எங்கிருந்து எங்கே அழைப்பது? நம் ஊர்களில் வாலிட் குருவிக் (உண்ணக்கூடிய கூடு கட்டும் பறவை) கட்டடங்களில் ஒலிபெருக்கி வைத்துக் குருவிகளை வரவழைக்கிறார்கள். அவை வானில் தன் விருப்பத்துக்குப் பறப்பவை, வந்தால் தங்கும், பிடிக்காவிட்டால் போகும். அந்த வியாபாரத்தின் மிச்சச் சரக்கைக் காடைக்காரர் தலையில் கட்டுவது ஏமாற்று வேலை. உங்களுக்கு மிஞ்சுவது பக்கத்து வீட்டாரோடு பெரிய சண்டைதான்.

இணை சேரும் நிலையில் ஆண் இருக்கிறதா என்று அறியக் காது வேண்டாம், கைவிரல் போதும். ஆணின் பின்துவாரத்துக்கு மேலே ஒரு சுரப்பி புடைத்திருக்கும். மெல்ல அழுத்தினால் வெண்ணுரை வரும். நுரை வராத ஆணை இனவிருத்திக் கூண்டில் வைத்திருப்பது தீவனத்துக்குக் கேடு.

இரண்டு பெட்டைக்கு ஓர் ஆண் என்பதும் அதிகம். மூன்றுக்கு ஒன்று போதும். பெட்டைகளின் பின்தலையில் இறகு உதிர்ந்து தோல் தெரிகிறதா என்று பாருங்கள். மிதிக்கும்போது ஆண் அங்கேதான் அலகால் கவ்வும். கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் பென்னட் கேலஃப் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்கள் சண்டையிடுவதைப் பார்த்த அனுபவப்பட்ட பெட்டைகள் தோற்ற ஆணின் பக்கமே போய் நின்றன. வென்றவன் தன்னையும் குத்திக் கிழிப்பான் என்பது பெட்டைக்குத் தெரிகிறது. ‘வீரியமான ஆண்’ என்று கூடுதல் விலை சொல்லி விற்கும் வியாபாரிக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தே விற்கிறார்.

இப்போது அந்தக் கடைசி வரி. பத்துப் பறவைகளின் வாரிசுகளைத் தமக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். 70 பொரித்த இடத்தில் 40 ஆனதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். நெருங்கிய இரத்தக் கலப்பைக் கோழி ஓரளவு தாங்கும், காடை தாங்காது. உடன்பிறந்தவற்றையே தொடர்ந்து இணைத்தால் கருக்கூடுவது குறையும், கூடிய கருவும் ஓட்டுக்குள்ளேயே சாகும், சில தலைமுறைகளில் வழியே அற்றுப்போகும். ஏற்கெனவே இது குறுகிப்போன வம்சம். ஜப்பானில் கூவலின் அழகுக்காகவே நூற்றாண்டுக் கணக்கில் காடை வளர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தக் கூவல் வம்சங்கள் அழிந்தன. பண்ணைக் காடை, 1945-க்குப் பின் மிஞ்சிய சொற்பப் பறவைகளிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது. அதிலிருந்து வந்த பத்தை வைத்து நீங்கள் இன்னும் குறுக்கியிருக்கிறீர்கள்.

பறவைக்கே இந்த விவேகம் உண்டு என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 1982-இல் கேம்பிரிட்ஜில் பேட்ரிக் பேட்சன், உடன்பிறந்தவற்றோடு வளர்ந்த காடைகளுக்குப் பல சன்னல்கள் வழியே வெவ்வேறு பறவைகளைக் காட்டினார். கூடவே வளர்ந்த உடன்பிறப்பையும் விட்டன, முற்றிலும் அந்நியமானதையும் விட்டன. முன்பின் பார்த்திராத ஒன்றுவிட்ட உறவின் முன்தான் அதிக நேரம் நின்றன. விட்டுவைத்தால் காடை தானே உடன்பிறப்பை ஒதுக்கும். கூண்டில் போட்டு அந்தத் தேர்வைப் பறித்தவர்கள் நாம். ஆகவே பறவை செய்ய வேண்டிய தேர்வை நாம்தான் ஒரு நோட்டுப் புத்தகமும் வண்ணக் கால் வளையமும் வைத்துச் செய்ய வேண்டும். எந்த மருந்துப் புட்டியையும்விட அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான் நான் நம்புகிறேன்.

செய்ய வேண்டியது இது. 40 பெட்டைகளையும் நான்கு கூண்டுகளில் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். இப்போதுள்ள ஆண்கள் எதுவும் இனவிருத்திக்கு வேண்டாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களிலிருந்து ஆண்களை வாங்குங்கள்; முதல் இரண்டு கூண்டுகளுக்கு ஓரிடத்து ஆண்கள், அடுத்த இரண்டுக்கு மற்றோரிடத்து ஆண்கள், கூண்டுக்கு மூன்று. ஈப்போவில் ஒரு கடை, தாப்பாவில் ஒரு கடை என்று வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். இரண்டு கடைக்கும் ஒரே பொரிப்பகத்திலிருந்து குஞ்சு வரலாம். எங்கே பொரித்தது என்று கேளுங்கள்; சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். நோய் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதற்கு வழி, புதிய பறவைகளை மூன்று வாரமாவது தள்ளி வைத்து, பழையவற்றுக்குத் தீவனம் போட்ட பிறகே அவற்றிடம் போவது. வாசலையே அடைத்துவிடுவது அல்ல.

ஆணை மாற்றியதும் வரும் முட்டைகளை அடை வைக்காதீர்கள். பழைய ஆணின் விந்து பெட்டையின் உடலில் தங்கி, ஒரு வாரத்துக்கு மேலும் கருக்கூட்டும். இரண்டு வார முட்டைகளை இரவுச் சந்தையில் அவித்து விற்றுவிடுங்கள். அதன்பின் பொரிப்பவற்றுக்குக் கூண்டுக்கு ஒரு நிறமாக வளையம் போடுங்கள். வளர்ந்ததும் பெண் குஞ்சு தாயின் கூண்டிலேயே இருக்கட்டும், ஆண் குஞ்சு அடுத்த எண் கூண்டுக்குப் போகட்டும், நான்காவதின் ஆண் முதலாவதற்கு. ஒவ்வொரு தலைமுறையிலும் இதே சுற்று. தவறினால் எந்தத் தேதியில் எது எங்கே போனது என்று நோட்டுப் புத்தகம் சொல்லும்.

பொரிக்காத முட்டைகளை எறியும் முன் உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கரு தெளிவாக இருந்தால் பெரும்பாலும் ஆண் சரியாகச் சேரவில்லை. இரத்த வளையமோ இறந்த குஞ்சோ இருந்தால் கரு கூடியிருக்கிறது. இரத்தக் கலப்பையோ இன்குபேட்டரையோ முட்டை சேமித்த விதத்தையோ பார்க்க வேண்டும். நம் வெயிலில் மேசைமேல் வைத்த முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று விளக்கு. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். காடை முழு இனவிருத்தி நிலையில் இருக்க 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். குறைந்தால் நுரைச் சுரப்பி சுருங்கும், முட்டையும் குறையும். தீவனம் தெரியும் அளவுக்கு ஒரு சிறிய விளக்கு போதும். அதை விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டுப் பக்கத்து வீட்டாரை எழுப்பாமல், மாலையில் போட்டு இரவு பத்து மணிக்கு அணையுங்கள். தனிக் கூண்டில் இருக்கும் ஆறு ஆண்களையும் இந்த வாரமே விற்றுவிடுங்கள்.