பழைய மோட்டார் சைக்கிளின் றப்பர் குழாய்கள்: கேள்வி பதில்

யாழ்ப்பாணம், கோண்டாவிலில் கராஜ் வைத்துப் பழைய வண்டிகளோடு மாரடிக்கிறவன் நான். குழாய்களைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

சுன்னாகம்: அண்ணை, அப்பாவின் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளில் காலையில் பெற்றோல் மணம். நிலத்தில் ஈரம் இல்லை, பெற்றோல் குழாயும் பார்க்க நல்லாத்தான் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

தம்பி, குழாயின் நடுப்பகுதியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நடு கடைசி வரைக்கும் வடிவாகத்தான் இருக்கும். பழுது தொடங்குவது இரண்டு நுனியிலும், கிளிப் பிடிக்கிற இடத்தில். பெற்றோலை மூடிவிட்டு, கிளிப்பைக் கொஞ்சம் தள்ளி, நுனியைப் பெருவிரலால் வளைத்துப் பாருங்கள். மயிர் மாதிரி மெல்லிய வெடிப்புகள் விரிந்தால் அந்தக் குழாய் முடிந்தது. வளையாமல் ஈர்க்கு மாதிரி விறைத்து நின்றாலும் முடிந்ததுதான். அமர்த்தும்போது களியாக அமுங்கி விரலில் கறுப்பு ஒட்டுகிறதா? அது பெற்றோலுக்கு ஒவ்வாத றப்பர்.

கசிவு துளியாகச் சேருமுன் ஆவியாகிவிடுவதால்தான் நிலம் காய்ந்திருக்கிறது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், தரையோடு படரும். வண்டி விறாந்தையில் நின்று, உள்ளே சாமி விளக்கும் எரிகிறதென்றால், இன்றைக்கே வண்டியை வெளியில் எடுத்துவிடுங்கள்.

கழற்றும்போது குறட்டால் முறுக்கி இழுக்க வேண்டாம். பிளேட்டால் நீளவாக்கில், ஆழமாக அழுத்தாமல் கீறி உரித்தெடுங்கள். புதுக்குழாயின் நுனியைச் சுடுதண்ணீரில் அரை நிமிடம் வைத்து, ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு ஏற்றினால் இலகுவாகப் போகும்.

நெல்லியடி: கண்ணாடி மாதிரி வெள்ளைக் குழாய் போட்டேன். நான்கு மாதத்தில் மஞ்சளாகி விறைத்துவிட்டது. ஏன்?

அது பிளாஸ்ரிக். அதை மென்மையாக வைத்திருக்கிற சேர்மானத்தைப் பெற்றோல் கரைத்து எடுத்துவிடும், பிறகு எஞ்சின் சூட்டில் வெடிக்கும். கடையில் நைற்றைல் றப்பர் குழாய் என்று கேளுங்கள். பக்கத்தில் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 என்று, பெற்றோல் குழாய்க்கான தரக்குறி அச்சடித்திருந்தால் நம்பி வாங்கலாம். அளவுக்குப் பழைய துண்டையே கையில் கொண்டு போங்கள்.

பருத்தித்துறை: தொண்ணூறுகளில் சைக்கிள் ரியூப்பைச் சுற்றித்தானே ஓடினோம். இப்போது ஏன் கூடாது?

ஐயா, நானும் அப்போது கராஜில் நின்ற பொடியன்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுகிற காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓடினோம். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் தீப்பிடிக்காது. அப்போது வேறு வழியும் இல்லை. இன்றைக்கு ஓடுவது பெற்றோல், ரியூப் அதில் ஊறி வீங்கிக் கழன்றுவிடும். கீழே சூடான சைலென்சர். வீடு வந்து சேர மட்டும் சுற்றுங்கள். நுனியில்தான் வெடிப்பு, குழாயும் தாராளமாக நீளம் என்றால், ஒரு சென்ரிமீற்றர் வெட்டிவிட்டுத் திரும்பப் போடுவது அதைவிட நல்லது. உங்கள் பக்கம் உப்புக்காற்று, கிளிப்பும் துருப்பிடித்திருக்கும். அதையும் மாற்றுங்கள்.

சாவகச்சேரி: காபரேற்றரை இரண்டு தரம் கழுவியாயிற்று. இன்னமும் எஞ்சின் தானாக ஏறி இறங்குகிறது, அக்சிலேற்றரை விட்டால் சைலென்சரில் பட் பட் என்று வெடிக்கிறது.

மூன்றாம் தரம் கழுவ வேண்டாம். காபரேற்றரையும் எஞ்சினையும் இணைக்கிற தடித்த றப்பரைப் பாருங்கள். அது வெடித்தால் வெளிக்காற்று உள்ளே போய்ப் பெற்றோல் போதாமல் போகும், பிளக் வெள்ளையாக வெளுக்கும். வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும், குனிந்தாலும் தெரியாது. போனை உள்ளே விட்டுப் படமெடுத்துப் பார்க்கலாம். எஞ்சினை ஓடவிட்டுச் சவர்க்காரத் தண்ணீரை அந்த றப்பரைச் சுற்றி மெல்லமாகத் தெளியுங்கள். சத்தம் மாறுகிற இடத்தில் ஓட்டை. சிலர் இதற்குப் பெற்றோல் தெளிப்பார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள்.

சிலிக்கன் பூசியும் ஒட்ட வேண்டாம். பெற்றோலில் ஊறிப் பிய்ந்து உள்ளே போகும். இன்னொன்று: சில வண்டிகளில் அந்த இடத்தில் ஒரு சிறிய முனையை றப்பர் மூடியால் அடைத்திருப்பார்கள். ஒரு வண்டியோடு நான் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால் நகமளவு மூடியில் ஒரு கீறல்! மாற்றும் வரைக்கும் வேகமாக ஓட வேண்டாம், பிஸ்ரன் சூடாகிப் பிடித்துவிடும்.

கொக்குவில்: பத்துக் கிலோமீற்றர் ஓடினால் நின்றுவிடும். குழாய் அடைப்பா?

நின்றவுடன் தாங்கி மூடியைத் திறவுங்கள். உஸ் என்று காற்று இழுத்து, பிறகு வண்டி எழும்பினால் மூடியின் காற்றுத் துளைதான் அடைப்பு. இல்லையென்றால் குழாய் எங்கேயாவது மடிந்திருக்கிறதா பாருங்கள்.

மானிப்பாய்: முன் பிறேக்கைப் பிடித்துவிட்டால் சில்லு இறுகியே நிற்கிறது. குழாயில் வெளியில் ஒரு கீறலும் இல்லை.

தங்கச்சி, இதுதான் எனக்குப் பயமான பழுது. பிறேக் குழாய் உள்ளே வீங்கி அடைபடும். கையின் பலத்தில் ஒயில் கீழே போகும், திரும்பி வரப் பலம் இல்லை. சில்லு இறுகி நிற்கும்போது, கீழே சில்லுப் பக்கத்தில் பிறேக்கை அமர்த்துகிற கலிப்பரில், காற்று எடுக்கிற நிப்பிளைச் சற்றுத் தளர்த்துங்கள். அப்போதும் சில்லு சுற்றாவிட்டால் கலிப்பர் பிஸ்ரன் பிடித்திருக்கிறது. விடுபட்டால் திரும்ப இறுகவிட்டு, இந்தத் தரம் மேலே, பிறேக் பிடியோடு இருக்கிற மாஸ்ரர் சிலிண்டரில் குழாய் பூட்டிய இடத்தைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் விடுபடாவிட்டால் குழாய்தான் பழுது. விடுபட்டால் மாஸ்ரர் சிலிண்டரைக் கழற்ற வேண்டும்.

இதற்கு ஒட்டுப்போடுகிற வேலையே கிடையாது. பெற்றோல் குழாயையும் போட முடியாது, அந்த றப்பர் பிறேக் ஒயிலுக்கு ஆகாது. உரிய குழாய், இரண்டு பக்கமும் புதுச் செப்பு வாசர், மூடியில் எழுதியிருக்கிற ஒயில். தாங்கியில் சிந்தினால் பெயின்ற் உரியும், உடனே தண்ணீரால் கழுவுங்கள். அதுவரைக்கும் வண்டியை எடுக்க வேண்டாம். கராஜுக்கும் லாண்ட்மாஸ்ரரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரப் பெட்டியில்) ஏற்றிக்கொண்டு போங்கள்.