வாவிக்கு என்ன நிறம்?

அன்புள்ள அக்கா,

குருமண்வெளித் துறையில் பாதையில், அதாவது ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் மிதவையில் ஏறி மண்டூருக்குப் போகும் ஒரு கிழவரைப் பற்றிக் கதை எழுதி அனுப்பியிருந்தேன். மட்டக்களப்பு வாவியை மட்டும் ஒன்றரைப் பக்கம் வர்ணித்திருக்கிறேன். நண்பர்கள் அந்த இடத்தை வாசிக்காமல் தாண்டிப் போய்விட்டார்களாம். வர்ணனையைக் குறைக்கவா, இல்லை இன்னும் நன்றாக எழுதப் பழகவா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கதையை இரண்டு தரம் வாசித்தேன். 'பொன்னை உருக்கி ஊற்றியதுபோல் வாவி' என்ற இடத்தில் நானும் தடுக்கி நின்றேன். வரி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்ப்பது யார்? மகளின் காப்பை அடகு வைத்து உரம் வாங்கிய மனிதர், மாசி மாதத்தில், படுவான்கரையில் முற்றி நிற்கும் வெள்ளாமையைப் பார்க்கப் போகிறார். அவர் கண் முகிலில்தான் இருக்கும். ஒரு மழை பெய்தால் கதிர் சாய்ந்துவிடுமே! பக்கத்தில் நிற்பவரின் மோட்டார் சைக்கிளில் புதுச் சாக்குக் கட்டு இருந்தால் அதைப் பார்ப்பார். அங்கே வெட்டுத் தொடங்கிவிட்டது, நமக்கு இன்னும் மெஷின் கிடைக்கவில்லை. அவருடைய கவலையைத் தனியாக எழுதவே தேவையில்லை, அந்தச் சாக்கே போதும். மண்டூர் முருகனுக்கு நேர்த்தி வைத்துப் போகிறவர் என்றால் வேறு எதையாவது பார்ப்பார்.

நம் ஊர்ப் பெயர்களையே எடுங்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம். தோணியில் நின்று இரண்டு கரையையும் பார்த்த யாரோ ஒருவரின் கண் அந்தப் பெயர்களில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

1978 நவம்பர் 23 அடித்த சூறாவளியைப் பற்றிப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காற்று ஊளையிட்டது, கூரை பறந்தது என்பார்கள். என் அம்மம்மா சொன்னது ஒரு வரிதான்: "விடியக் கதவத் திறந்தா, முத்தத்தில நிண்டு பாக்கக் கடல் தெரியுது புள்ள." வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே தென்னந்தோட்டம் இருந்தது. அதுவரை அந்த முற்றத்துக்குக் கடலின் சத்தம் மட்டும்தான் வரும்.

சரி, குறைக்கவா என்று கேட்டீர்கள். எத்தனை பக்கம் என்பதை விடுங்கள். ஒருநாள் காலை துறைக்குப் போய், கிழவரின் அவசரத்தோடு ஒருதரம் கடந்து பாருங்கள். போனில் படம் எடுக்க வேண்டாம். பாதை கரையில் முட்டும்போது சைக்கிள் ஹாண்டிலில் கை தானாக இறுகும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணை மட்டும் நம்பி எழுதுகிறவர்கள் இதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஒன்றரைப் பக்கத்தையும் எறிந்துவிடாதீர்கள். கிழவர் பின்னேரம் திரும்பி வருவார்தானே. வெள்ளாமை என்ன கதி என்று அவருக்குத் தெரிந்துவிட்ட பிறகு, அதே வாவியை அவர் ஆறுதலாகப் பார்க்கட்டும். அப்போது அது என்ன நிறமாக இருந்தது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா