அமெரிக்காவில் ஏன் இத்தனை ஸ்பிரிங்ஃபீல்டு?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற பெயரில் ஊர் இருக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்டு என்றால் ஊற்று உள்ள வெளி, அவ்வளவுதான். புதிதாகக் குடியேறப் போகிறவர்கள் முதலில் தேடியது குடிக்கத் தண்ணீரும் உழ நிலமும். இரண்டும் கிடைத்த இடத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஓரிகன் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு அப்படித்தான் வந்தது: ஒரு குடியேறி வேலி போட்ட நிலத்துக்குள் ஓர் ஊற்று இருந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டின் கதை வேறு. 1636-ல் அந்த ஊரை நிறுவிய வில்லியம் பிஞ்சனின் சொந்த ஊர், இங்கிலாந்தின் எசெக்ஸில் இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டு. பிறந்த ஊரின் பெயரையே புது ஊருக்கும் வைத்தார்கள். 1891-ல் கூடைப்பந்து பிறந்ததும் இந்த ஊரில்தான். லிங்கன் வழக்கறிஞராக இருந்ததோ இல்லினாய் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில்; பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

ஒரே பெயரில் இத்தனை ஊர் இருந்தால் அன்றாடம் குழப்பம் வராதா? வகுப்பில் மூன்று குமார் இருந்தால் இனிஷியலை வைத்துத்தானே கூப்பிடுவோம்? அங்கே மாநிலப் பெயர்தான் இனிஷியல். ஒரு மாநிலத்துக்குள் ஒரே பெயரில் இரண்டு அஞ்சல் நிலையம் இருந்தால்தான் தபால் துறைக்குத் தலைவலி. பக்கத்து மாநிலத்தில் அதே பெயர் இருந்தால் யாருக்கும் கவலையில்லை.

இன்னொன்று: 'ஸ்பிரிங்' என்றதும் வசந்தகாலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அது நீரூற்று.